சுண்ணாம்பு சேர்க்காத சுவர்

அடைப்புக்காரர் தெருவில் நடக்கும்போது தலையை நிமிர்த்த மாட்டார். நிமிர்த்தினால் யார் வீட்டு வாசலாவது கண்ணில் படும். பட்டால் அளவெடுத்துவிட்டார் என்பார்கள். அவர் அளவெடுத்த வீட்டில் சாவு விழும் என்பது அந்த மலையூரில் எல்லோரும் நம்பிய விஷயம். அதனால் சின்ன வயதிலிருந்தே தரையைப் பார்த்து நடந்து பழகிவிட்டார். வெளியூர்க்காரர்கள் பார்த்தால், எவ்வளவு அடக்கமான மனிதர் என்று நினைத்துக்கொள்வார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு இதில் ஒரு வசதியும் இருந்தது. தொலைந்துபோன சாவி, பொத்தான், தோட்டின் திருகாணி எதுவானாலும் முதலில் அவர் கண்ணில்தான் படும். எடுத்துப் பக்கத்துச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போவார். தொலைத்தவர் வந்து, அவர் கை பட்ட பொருள் என்று தண்ணீரில் ஓர் அலசு அலசி எடுத்துக்கொள்வார். நன்றி சொல்ல யாரும் வந்ததில்லை.

அவர் செய்தது கொத்து வேலைதான். ஆனால் புது வீடு கட்டவோ படிக்கட்டு போடவோ அவரை யாரும் கூப்பிட மாட்டார்கள். அதற்கு வேறு கொத்தனார்கள் இருந்தார்கள். சாவு விழுந்த வீட்டிலிருந்து மட்டும் அவரைத் தேடி ஆள் வரும். பிணம் போன வாசலின் நிலையையும் கதவையும் பெயர்த்தெடுத்து, இன்னொரு பக்கச் சுவரை உடைத்து அங்கே பொருத்தி, பழைய இடத்தைச் செங்கல் வைத்து அடைத்துப் பூச வேண்டும். அவருடைய அப்பாவும் அதைத்தான் செய்தார். அந்த ஊரில் பழைய வீடு எதையாவது ஒரு சுற்று சுற்றிவந்தால், அடைத்த வாசல்களின் தழும்பு நாலு பக்கமும் தெரியும்.

வாசலை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டால் ஊரில் எல்லோரும் ஒரு கதை சொல்வார்கள். கணவாய் தாண்டி உப்பு எடுக்கப்போன ஒரு பெரியவர் வழியில் விழுந்து இறந்துவிட்டாராம். இறந்தது அவருக்குத் தெரியவில்லை. மாலையில் எழுந்து வீட்டுக்கு வந்து, அடுப்புப் பக்கம் தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். வீட்டாருக்குத் தெரியும், புதைத்துவிட்டு வந்ததே அவர்கள்தான். ஆனால் அதை அவரிடம் எந்த வாயால் சொல்வது? தட்டு வைத்தார்கள். மறுநாளும் வந்தார். அவர் உட்கார்ந்திருக்கிற வரைக்கும் அடுப்பில் சூடு ஏறவில்லை, பால் உறையவில்லை, மாவு பொங்கவில்லை. வீடே இளைத்துப்போயிற்று. கடைசியில் சின்ன மருமகள் துணிந்தாள். மாமனார் வெளியே போயிருந்த நேரத்தில் வாசலைப் பின்பக்கம் மாற்றிவைத்தாள். திரும்பி வந்தவர் சுவரைத் தடவிப் பார்த்தார். வீடு மாறி வந்துவிட்டோம்போல என்று சொல்லிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். இன்னும் போய்க்கொண்டிருக்கிறார்.

அவருக்குத் தப்புவீட்டுத் தாத்தா என்று பெயர். காற்றடித்துச் சுவர் அதிர்ந்தால், உள்ளே இருப்பவர்கள் கையிலிருக்கும் வேலையை விடாமலே, "இந்த வீடு இல்ல தாத்தா, அடுத்த வீடு" என்பார்கள். அடுத்த வீட்டுக்காரரும் அதையே சொல்வார். தெருவின் கடைசி வீட்டில் அப்படிச் சொல்ல வழியில்லை. அங்கே குடியிருந்த செக்குக்காரர், "முதல் வீட்டுல இருந்து மறுபடி விசாரிச்சுக்கிட்டு வாங்க" என்று தாத்தாவைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

அடைப்புக்காரர் இந்தக் கதையை நம்பினாரா என்றால், நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. வேலைக்கு முன்னால் வெறும் சுவரை மூன்று தட்டு தட்டுவார். காரணம் கேட்டால், சுவரில் பொந்து இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்பார். அவரோடு இருந்தது அவருடைய அக்கா ஒருத்தி. மெத்தை தைப்பவள். அடைப்புக்காரன் வீட்டுப் பெண் என்று அவளையும் யாரும் கட்டவில்லை, அந்த வீட்டுப் பையன் என்று இவருக்கும் யாரும் பெண் கொடுக்கவில்லை. "நம்ம அப்பன் ஊர்ல எல்லா வாசலையும் அடைச்சாரு, நம்ம வீட்டுக்கு வர்ற வாசலையும் சேர்த்து" என்று அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொல்வாள். சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொள்வாள். அவள் தைத்த மெத்தையில் மட்டும் ஊரே தூங்கியது. மெத்தைக்குத் தோஷமில்லை என்று யாரோ எப்போதோ தீர்மானித்திருந்தார்கள்.

அந்த ஊரில் சொந்தம் இருக்கிறதோ இல்லையோ, ஒருவரை ஒருவர் அண்ணன், மாமா, சித்தி என்றுதான் கூப்பிடுவார்கள். இவரை மட்டும் யாரும் முறை வைத்துக் கூப்பிட்டதில்லை. கொத்தனாரே என்பார்கள். முதுகுக்குப் பின்னால் அடைப்புக்காரன். வேலைக்குப் போனால் வீட்டார் எல்லோரும் வெளியேறிச் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுவார்கள். இத்தனை வருஷமும் ஆளில்லாத வீடுகளில்தான் வேலை செய்தார். யார் வீட்டு அடுப்பு எந்த மூலையில், யார் வீட்டு உத்தரத்தில் தூளி கட்டிய தழும்பு இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அந்த வீட்டு மனிதர்கள் உள்ளே எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்பதுதான் தெரியாது.

செக்குக்காரர் வீட்டுக்கு எதிரில் ஒரு ரொட்டிக்காரி இருந்தாள். அவள் புருஷன் கோவேறு கழுதைகளை ஓட்டிக்கொண்டு உப்புக்குப் போனவன், திரும்பவில்லை. ஆள் வரவில்லை, உடம்பும் வரவில்லை, கழுதைகூட ஒன்றும் வரவில்லை. போனவனுக்காக மூன்று பனிக்காலம் காத்திருப்பது ஊர் வழக்கம். அதன் பிறகும் வராவிட்டால் செத்தவர் கணக்கில் சேர்த்து வாசலை அடைத்துவிட வேண்டும். மூன்றாவது பனிக்காலம் முடிந்தது. ரொட்டிக்காரி வாயைத் திறக்கவில்லை.

திறந்தவர் செக்குக்காரர். அந்த வருஷம் குளிர் விடவே இல்லை. அவர் வீட்டுப் பால் உறை ஊற்றினால் உறையவில்லை. எதிர்வீட்டு ரொட்டியும் சப்பையாகத்தான் வந்தது. இரண்டையும் சேர்த்து முடிச்சுப்போட அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. "நான் யாரையும் குத்தம் சொல்லல. வாசல் திறந்து கெடக்கு, அவ்வளவுதான் சொல்றேன்" என்று சந்திக்குச் சந்தி சொல்லிக்கொண்டு வந்தார். ஊர் கூடிப் பேசி, அடைப்புக்காரருக்கு ஆள் அனுப்பியது.

காலையில் அவர் கைவண்டியில் செங்கல், மணல், களிமண், நீற்றிய சுண்ணாம்பு எல்லாம் ஏற்றிக்கொண்டு போய் நின்றபோது, வீடு காலியாக இல்லை. ரொட்டிக்காரி மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"உள்ள வாங்க" என்றாள்.

அவர் தயங்கினார். "நீங்க எங்கயாவது போய் இருந்துட்டு வரலாம். சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடுவேன்."

"என் வீடு. நான் எங்க போறது?"

அவர் உள்ளே வந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் போக்கினார். ஆள் இருக்கிற வீட்டில் எங்கே நிற்பது, எங்கே பார்ப்பது என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"அவர் செத்ததை யாராவது பாத்தாங்களா?" என்று அவள் கேட்டாள்.

"யாரும் பாக்கல."

"நாளைக்கே வந்து நின்னா என்ன செய்வீங்க?"

அவர் தூக்குக்குண்டின் நூலைச் சுருட்டினார். வழக்கம் அவளுக்கும் தெரியும். வாசல் அடைத்த பிறகு உயிரோடு வந்தாலும் அவர் செத்தவர்தான். யாரும் முகம் கொடுத்துப் பேசக்கூடாது. அடைப்புக்காரர் சின்னப் பையனாக இருந்தபோது அப்படி ஒருவர் வந்திருக்கிறார். எங்கோ வெளியூரில் நோயில் படுத்துக் கிடந்து, தேறி, ஊன்றுகோலோடு வந்தவர். அடைத்த சுவருக்கு முன்னால் நின்றார். தெருவே வேடிக்கை பார்த்தது. சுவருக்கு உள்ளிருந்து அவருடைய மனைவியே, "இந்த வீடு இல்ல, அடுத்த வீடு" என்றாள். குரல் நடுங்கியதே தவிர, சொல்லத்தான் சொன்னாள். அந்த மனிதர் கணவாய்ப் பக்கம் இறங்கிப் போய்விட்டார். சுவரைக் கட்டிய அப்பாவும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றிருந்தார். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தவர், "சுவர் நல்லா நேரா இருந்துச்சு" என்றார். பிறகு சாப்பிடாமல் எழுந்துவிட்டார்.

அடைப்புக்காரர் மணலைக் கொட்டினார். களிமண்ணைக் கொட்டினார். தண்ணீர் விட்டுக் குழைத்தார். சுண்ணாம்புச் சட்டி மூடியபடியே வண்டியில் இருந்தது. ரொட்டிக்காரி வந்து, குனிந்து, சாந்தில் இரண்டு விரல் விட்டுப் பார்த்தாள். நாள் முழுக்க மாவோடு புழங்குகிற கை.

"இது சேராதே" என்றாள்.

"சேரலைன்னா என்ன, நிக்கும். தள்ளினா விழும்."

அவள் அவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு மாவுக்குத் திரும்பிவிட்டாள். நிலையைப் பெயர்த்துப் பக்கச் சுவரில் பொருத்தி, பழைய வாசலை அந்தச் சேற்றுச் சாந்தை வைத்தே அடைத்து முடித்தார். வெளிப்பக்கம் மட்டும் பார்வைக்காகச் சுண்ணாம்பு பூசினார். செக்குக்காரர் வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, "கை சுத்தம்னா இவன் கைதான்" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போனார். புறப்படும்போது ரொட்டிக்காரி சூடான ரொட்டி ஒன்றைத் துணியில் சுற்றி நீட்டினாள். "கொண்டுபோய்ச் சாப்பிடுங்கண்ணே."

வீட்டுக்கு வந்து அக்காவிடம் ரொட்டியைக் கொடுத்தார். அண்ணே என்று கூப்பிட்டதைச் சொல்லவில்லை. ஆனால் அன்று இரவு முழுக்க அவர் ஒரு மாதிரியாக இருந்ததை அக்கா கவனித்தாள். "என்னடா, செங்கல்லைக் காலில போட்டுக்கிட்டியா?" என்று கேட்டாள்.

குளிர் விட்டதும் மழை பிடித்தது. விட்டு விட்டுப் பெய்து, ஒருநாள் காலையில் தெருவே நடமாடிக்கொண்டிருந்த நேரத்தில், ரொட்டிக்காரி வீட்டுப் பழைய வாசல் பொத்தென்று உள்பக்கமாகச் சரிந்தது. ரொட்டி வாங்க நின்ற பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். தாத்தா உடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார் என்ற பேச்சு, அவர்கள் ஓடியதைவிட வேகமாக ஊரைச் சுற்றியது. தாத்தா இல்லை, புருஷன்தான் என்று இன்னொரு கட்சி கிளம்பியது. எவராக இருந்தாலும் அவள் இனி இந்தத் தெருவில் இருக்கக்கூடாது என்பதில் இரு கட்சிக்கும் ஒரே கருத்து.

அடைப்புக்காரர் போய்ச் சேர்ந்தபோது பெரிய கூட்டம். உள்ளே, உதிர்ந்த செங்கல் குவியலுக்கு அந்தப் பக்கம் ரொட்டிக்காரி துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தாள். அவர் முதல்முறையாகத் தெருவில் தலையை நிமிர்த்தினார். நாலு பேர் சட்டென்று பின்வாங்கினார்கள்.

"யாரும் உடைக்கல. நான்தான் சுண்ணாம்பு சேர்க்கல. வெறும் மண்ணு. மழையில கரைஞ்சிருச்சு" என்றார்.

 செக்குக்காரர் வாயைத் திறந்தார். "எத்தனை வருஷமா நீ சுவர் வைக்கிற? உங்கப்பா வெச்சாரு. ஒண்ணு, ஒரே ஒண்ணு விழுந்திருக்கா?"

"இல்ல."

"அப்ப இது மட்டும் எப்படி விழும்? பாவம், அந்தப் பொண்ணைக் காப்பாத்தப் பொய் சொல்றான்."

"மண்ணை எடுத்துப் பாருங்க. சுண்ணாம்பு இருக்கான்னு பாருங்க."

யாரும் குனியவில்லை. அந்த மண்ணை எவன் தொடுவான்? "கல்லு உள்பக்கமா விழுந்திருக்கு பாருங்க, வெளியே இருந்து தள்ளினாத்தானே அப்படி விழும்" என்று ஒருவர் எடுத்துக்கொடுத்தார். மழை வெளியேதான் பெய்கிறது என்று அடைப்புக்காரர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. இத்தனை வருஷம் ஒழுங்காகக் கட்டிய சுவர்களெல்லாம் சேர்ந்து அவரைப் பொய்யராக்கிவிட்டன.

சரி, திரும்ப அடைத்துவிடு என்றார்கள். மாட்டேன் என்றார். "அந்தம்மா சொன்னா அடைப்பேன். இல்லேன்னா வேற ஆளை வெச்சுக்குங்க." வேறு கொத்தனார்களை அந்த நேரம் பார்த்துக் கூட்டத்தில் காணவில்லை. அவளை வெளியேற்றுவது என்றாலும் உள்ளே போய்த்தான் வெளியேற்ற வேண்டும். போக ஆளில்லை. ஊர் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது.

மறுநாளிலிருந்து அவள் ரொட்டியை யாரும் வாங்கவில்லை. சுட்டதெல்லாம் பலகையில் ஆறிக் கிடந்தது. மதியம் அடைப்புக்காரர் வந்தார். உடைந்த சுவரில் எஞ்சியிருந்த அடிவரிசைமேல், தெருவுக்கு நேராக உட்கார்ந்தார். "ஒரு ரொட்டி குடும்மா" என்றார். எல்லோரும் பார்க்க நிதானமாக மென்றார். யார் வீட்டிலும் கை நனைத்திராத மனிதர். மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும். அக்காவுக்கு விஷயம் தெரிந்தபோது முதலில் சண்டை பிடித்தாள். இருக்கிற பேர் போதாதா, இது வேறா என்றாள். கொஞ்ச நேரம் கழித்து முந்தானையைச் செருகிக்கொண்டு, "நீ மட்டும் சூடா தின்னுட்டு வருவ, நான் மட்டும் வீட்டுல ஆறினதைத் திங்கணுமா" என்று அவளும் கிளம்பினாள்.

அக்கா வந்ததில்தான் நிலைமை மாறியது. அவருக்கு மெல்லத்தான் தெரியும், அவளுக்குப் பேசத் தெரியும். தெருவில் போகிறவர்களிடம், "உன் மெத்தைக்குப் பஞ்சு வந்திருக்கு, இங்க வா, பேசலாம்" என்பாள். மெத்தை வேண்டியவர்கள் வந்துதானே ஆக வேண்டும்? வந்தவர்கள் மூக்கில் ரொட்டி வாசனை ஏறியது. இதற்கிடையில் வெயில் அடிக்கத் தொடங்கி, செக்குக்காரர் வீட்டுப் பால் கல்லுப்போல் உறைந்தது. வாசல் திறந்து கிடக்கும்போது பால் எப்படி உறைகிறது என்று அக்கா அவரை வழிமறித்துக் கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்தார். "வந்தவர் உள்ள போய்ப் பசியாறிட்டாரு. அதான்" என்றார். ஊருக்கு அந்த விளக்கம் பிடித்திருந்தது. பசியாறிய வீட்டு ரொட்டி என்று சிலர் தேடிவந்து வாங்கினார்கள். அதிலும், உடைந்த வாசல் பக்கம் இருப்பது வேண்டாம், அந்த மூலையில் இருப்பதைக் கொடு என்று கேட்டு வாங்கினார்கள்.

கோடை பாதி கழிந்த பிறகு ஓர் உப்பு வியாபாரி ரொட்டிக்காரி வீட்டுக்கு வந்தார். கணவாயின் மேல்பக்கத்தில் அந்த வருஷம் பனி வழக்கத்தைவிட அதிகமாக உருகியிருந்தது. அங்கே பனிச்சரிவில் புதைந்திருந்த ஒரு மனிதனையும் நான்கு கழுதைகளையும் கண்டு, அங்கேயே குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். ஒரு கம்பளித் தொப்பியை எடுத்து வைத்தார். காதுமடல் ஒன்று நீளம், ஒன்று குட்டை. அவள் பின்னியது. போன முதல் பனியிலேயே அவன் முடிந்துபோயிருந்தான்.

அப்போது அடைப்புக்காரர் அங்கேதான் இருந்தார். அவள் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பலகையில் பிசைந்த மாவு பொங்கிக்கொண்டிருந்தது. எழுந்து அதைப் பிரித்து, உருட்டி, அடுப்பில் வைத்தாள். வெந்ததும் எடுத்தாள். உப்பு வியாபாரிக்கு முதல் ரொட்டியைக் கொடுத்து, "வழியில சாப்பிடுங்க" என்றாள். அவர் போன பிறகுதான் அழுதாள். அடைப்புக்காரருக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

சில நாள் கழித்து ரொட்டிக்காரி அவர் வீட்டுக்கே வந்தாள். "நாளைக்கு வாங்கண்ணே. இந்தத் தடவை சுண்ணாம்பு போட்டு."

அவள் வெளியே போய்த் தங்கவில்லை. செங்கல்லை ஒவ்வொன்றாக நனைத்து எடுத்துக் கொடுத்தாள். சுவர் இடுப்பளவு வந்ததும், "கொஞ்சம் இருங்க" என்றாள். புது வாசல் வழியாக வெளியே போய், தெருவைச் சுற்றிவந்து, பழைய வாசலுக்கு முன்னால் நின்று உள்ளே பார்த்தாள். அடுப்பு, பலகை, சுவரில் மாட்டியிருந்த சல்லடை எல்லாவற்றையும் பார்த்தாள்.

"அவர் வந்து நின்னா இப்படித்தான் தெரிஞ்சிருக்கும், இல்ல?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். திரும்பி வந்து அடுத்த செங்கல்லை நனைத்தாள். தெருவில் யாரும் அருகில் வரவில்லை. ஆனால் செக்குக்காரர் தன் வாசலில் நின்று, தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டதை அடைப்புக்காரர் பார்த்தார். அவர் இப்போது தலை நிமிர்ந்துதான் வேலை செய்துகொண்டிருந்தார்.

அந்தச் சுவர் விழவில்லை. ரொட்டிக்காரி அதே வீட்டில் இருந்தாள். அக்கா தன் பஞ்சு மூட்டைகளைக் கொண்டுவந்து அவள் வீட்டுப் பின்கட்டில் வைத்துக்கொண்டு அங்கேயே தைத்தாள். இரண்டு பேரும் நாள் முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டு சந்தோஷமாக இருந்தார்கள். சாவு வீடுகளில் சிலர், எல்லோரும் இல்லை, சிலர் மட்டும், அடைப்புக்காரர் வேலை செய்யும்போது வீட்டைவிட்டுப் போகாமல் உட்கார்ந்திருக்க ஆரம்பித்தார்கள். செங்கல் எடுத்துக் கொடுத்தார்கள். இறந்தவரைப் பற்றிப் பேசினார்கள். அவர் கேட்டுக்கொண்டே கட்டுவார். முன்னைவிட வேலை மெதுவாகத்தான் நடந்தது.

பல வருஷம் கழித்து ஒருநாள் சத்திரத்துத் தண்ணீர்த் தொட்டியைப் பழுதுபார்க்க அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் வேலை செய்துகொண்டிருக்க, தின்பண்டம் விற்கும் ஒருவர் வெளியூர்க்காரர்களைச் சுற்றி உட்காரவைத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். பனியில் செத்த ஒருவன் பெண்டாட்டி கையால் ஒரு ரொட்டி தின்ன ஆசைப்பட்டு, மூன்று வருஷம் நடந்து வந்து, சுவரை ஒரே குத்தில் உடைத்து உள்ளே போனானாம். அவள் கருகிய ரொட்டியைக் கொடுத்தாளாம். அதையும் தின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, இனி வரமாட்டேன் என்று போனானாம். கதையில் கொத்தனாரும் ஒருவர் இருந்தார். ஏழடி உயரம், பேசினால் இடி இடிக்கும்.

கேட்டவர்களில் ஒருவர் திரும்பி, "ஏங்க, இது உண்மையா?" என்று அடைப்புக்காரரிடம் கேட்டார்.

அவர் பூச்சுக் கரணையை நீரில் அலசினார். மண் கரைந்த கதையை ஒருமுறை சொல்லிப் பார்த்திருக்கிறார், யாரும் கேட்கவில்லை. கதை சொன்னவர் முகத்தைப் பார்த்தார், கேட்டவர்கள் முகத்தைப் பார்த்தார். ஒருவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"ரொட்டி கருகலைங்க" என்றார். "அந்தம்மா ஒருநாளும் கருக விட்டதில்ல."

கதை சொன்னவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி, கருகவில்லை என்று ஒப்புக்கொண்டு, அந்த இடத்திலிருந்து மறுபடி சொல்லத் தொடங்கினார். அடைப்புக்காரர் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டார்.